மர்ம நாவலும் வரலாற்று மாணவரும்



எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகை, திருத்தணிக்கு அருகில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர். காலை வேளைகளில் திருத்தணிக்குச் செல்லும் பேருந்தில் கல்லூரி மாணவர்கள் பலரைக் காணலாம். சில மாதங்களுக்கு முன் ஒருநாள், எனக்கு முன் இருக்கையில் அமர்ந்திருந்த பெண் ஒரு நூலில் ஆழ்ந்திருந்தாள். அவள் என் பழைய மாணவர் ஒருவரின் மகள். இறங்கவேண்டிய இடம் வந்ததையும் அவள் அறியவில்லை; நான் குரல் கொடுத்த பிறகே எழுந்தாள். நூலின் மேலட்டையில் ஒரு கல்லூரிக் கட்டடம்; இருண்ட மாடியில் ஒரே ஒரு சாளரத்தில் மட்டும் விளக்கு. என்னைக் கண்டதும் நூலைப் பைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, மர்ம நாவலா?" என்றேன்.

"ஆமாம் ஐயா. கல்லூரி விடுதியில் நடக்கும் கதை. நான் படிப்பதோ வரலாறு. இதெல்லாம் வீண்பொழுதுதானே?" என்றாள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 'ஆம், வீண்தான்' என்று சொல்வார் என எதிர்பார்த்தாள் போலும். நான் அவ்வாறு சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

முதலில் இவ்வகைக் கதையின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். துப்பறியும் கதை தமிழுக்கு நேற்று வந்ததன்று. 1894ஆம் ஆண்டிலேயே நடேச சாஸ்திரியார், தானவன் என்னும் போலீஸ் நிபுணரைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்துவிட்டார். அவரைத் தொடர்ந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் எழுதிக் குவித்தனர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' நாவலில் வரும் துப்பறியும் கோவிந்தன், அக்காலத் தமிழ் வீடுகளில் உறவினன் போலப் பழகிய பெயர். வடுவூராரின் 'திகம்பர சாமியார்' பின்னர், 1950இல், திரைப்படமாகவும் வெளிவந்தது. தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' நம்மைச் சிரிக்க வைத்தான். அவரே எழுதிய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' ஒரு கொலை வழக்கின் விசாரணையை நம் கண்முன் நிறுத்திச் சிந்திக்க வைத்தது.

இத்தகைய நூல்களைப் பெரியோர் கடிந்ததும், இளையோர் பாடநூலுக்குள் ஒளித்துவைத்துப் படித்ததும் அன்று முதல் நடந்துவருகின்றன. நானும் அவ்வாறு படித்தவனே. ஆதலால் அந்தப் பெண் நூலை மறைத்த விதத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை.

இனி, மர்மக் கதைக்குக் கல்லூரி ஏன் ஏற்ற களமாயிற்று? எண்ணிப் பாருங்கள். கல்லூரிக்கு மதில் உண்டு, வாயில் உண்டு, வாயிலில் காவலர் உண்டு. யார் எந்நேரம் எங்கிருக்கவேண்டும் என்பதற்கு மணியும் கால அட்டவணையும் உண்டு. பூட்டுகளும் சாவிகளும் இன்னார் கையில் என்று தெரியும். உள்ளே இருப்போர் ஒருவரையொருவர் நாள்தோறும் காண்பவர். அத்தகைய இடத்தில் ஒரு குற்றம் நிகழ்ந்தால், 'வெளியார் யாரோ செய்துவிட்டனர்' என்று எளிதில் தப்பிக்க இயலாது. நம்முடன் உண்டவன், நம்முடன் படித்தவன் என்று ஒவ்வொருவரையும் ஐயத்தோடு நோக்கவேண்டிய நிலை வருகிறது. அந்த நிலையே வாசகரின் நெஞ்சைப் பிடித்து இழுக்கிறது.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, ஆர்தர் கானன் டாயில் 1904ஆம் ஆண்டு வெளியிட்ட 'மூன்று மாணவர்கள்' என்னும் சிறுகதை. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளுள் ஒன்றான இதில் கொலை இல்லை, கொள்ளையும் இல்லை. காணப்படுவது உங்களுக்கு நன்கு பழகிய பொருள்: தேர்வு வினாத்தாள். மறுநாள் நடக்கவிருந்த உதவித்தொகைத் தேர்வின் கிரேக்க மொழி வினாத்தாளை அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்த ஆசிரியர், அறையைப் பூட்டிவிட்டுத் தேநீர் அருந்தச் செல்கிறார். திரும்பிவந்தபோது பூட்டில் சாவி. தாள்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. மேசையில் ஒரு கீறல், பென்சில் சீவிய துணுக்குகள், சிறு களிமண் உருண்டை. அதே மாடிப்படியை ஒட்டிய அறைகளில் மூன்று மாணவர்கள் வசிக்கின்றனர். மூவரும் அந்தத் தேர்வை எழுதவிருப்பவர்.

மூவருள் ஒருவன் இந்திய மாணவன். பெயர் தௌலத் ராஸ். அமைதியானவன், பிறருடன் அதிகம் கலவாதவன். ஹோம்ஸும் வாட்சனும் கீழே நிற்கும்போது அவன் தன் அறையில் மேலும் கீழும் உலவிக்கொண்டிருக்கிறான். வாட்சனுக்கு அவன்மேல் ஐயம் பிறக்கிறது: அவன் ஏன் இப்படி நடக்கவேண்டும்? ஹோம்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. மனப்பாடம் செய்பவர் பலரும் அவ்வாறு நடப்பது வழக்கம் என்று சொல்லிவிடுகிறார். குற்றவாளி யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை, நீங்களே படித்தறிக. ஆனால் தௌலத் ராஸ் குற்றமற்றவன் என்பதை மட்டும் சொல்லியாகவேண்டும்.

இக்கதையில் இன்னொரு நயம் உண்டு. திருடப்பட்ட வினாத்தாளில் அச்சிட்டிருந்த பகுதி யாருடையது தெரியுமா? கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் என்பவருடையது. ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நிகழ்ந்த பெலோபொனீசியப் போரின் வரலாற்றை எழுதியவர் அவர். ஒரே நிகழ்ச்சியை நேரில் கண்டவர்களும் வெவ்வேறு விதமாகச் சொல்லினர் என்றும், சார்பும் மறதியும் அதற்குக் காரணம் என்றும், ஆகவே ஒவ்வொரு சாட்சியத்தையும் வருந்தி ஆராய்ந்தே எழுதியதாகவும் அவர் தம் நூலின் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார். சாட்சியத்தைச் சோதிக்கவேண்டும் என்று உலகுக்குச் சொன்ன வரலாற்றாசிரியரின் பக்கம் களவு போகிறது. களவைக் கண்டுபிடிக்க அவர் காட்டிய வழியே உதவுகிறது. வரலாற்று மாணவருக்கும் மர்ம நாவல் வாசகருக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டமுடியுமா?

இந்த உறவை இன்னும் ஆழமாக எடுத்துக்காட்டியவர் டோரதி சேயர்ஸ் என்னும் அம்மையார். ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கான சோமர்வில் கல்லூரியில் பயின்று 1915இல் படிப்பை முடித்தவர். ஆனால் அப்பல்கலைக்கழகம் அந்நாளில் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. 1920ஆம் ஆண்டில்தான் அந்த உரிமை கிடைத்தது. முதன்முதலில் பட்டம் பெற்ற பெண்களுள் அவரும் ஒருவர். அவர் 1935இல் எழுதிய நாவல் 'காடி நைட்'. ஆக்ஸ்போர்டில் உள்ளதாக அவர் கற்பனை செய்த ஒரு பெண்கள் கல்லூரியே களம். அங்கும் கொலை நிகழவில்லை. கையொப்பமில்லாத வசைக் கடிதங்கள் வருகின்றன. கையெழுத்துப் படிகள் அழிக்கப்படுகின்றன. படித்த பெண்கள் ஒருவரையொருவர் ஐயுறுகின்றனர்.

அந்தப் பகையின் வேர் எது என்று தேடிச்சென்றால், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வரலாற்று ஆராய்ச்சியாளர் செய்த பிழையில் போய் முடிகிறது. தம் முடிவுக்கு மாறான ஒரு பழைய கடிதம் கையில் கிடைத்தபோது, அதை அவர் மறைத்துவிட்டார். ஒரு தாளை மறைத்ததற்கு எத்தனை பேர் விலை கொடுக்கவேண்டியதாயிற்று என்பதே கதை. வரலாறு பயில்வோர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது அந்நாவல்.

இவை கற்பனை. நம் சென்னை மாநகரிலேயே, கல்வி நிலையத்தின் மதிலுக்குள், உண்மையாகவே ஒரு மர்மம் நிகழ்ந்ததுண்டு. அதைச் சொன்னால் கதைக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேற்றுமை விளங்கும்.

ஆங்கில ஆட்சியில், ஒரு ஜமீனுக்கு உரியவர் வயது வராத சிறுவராயிருந்தால், அந்தச் சொத்தை 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்னும் அரசு அமைப்பு மேற்பார்த்து வந்தது. அத்தகைய இளம் ஜமீன்தார்கள் தங்கிப் பயில்வதற்காகத் தேனாம்பேட்டையில் நியூவிங்டன் என்னும் நிலையம் இருந்தது. அதன் தலைவராக இருந்தவர் கிளெமென்ட் டி லா ஹே என்னும் ஆங்கிலேயர். 1919ஆம் ஆண்டு அக்டோபர் மாத நடுவில் ஓர் இரவு, தம் படுக்கையிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த ஆண்டை மனத்தில் கொள்ளுங்கள். மார்ச்சு மாதம் ரௌலட் சட்டம். ஏப்ரல் 13ஆம் நாள் ஜாலியன்வாலாபாக். நாடு கொதித்துக்கொண்டிருந்த அவ்வாண்டில், ஆங்கிலேயர் ஒருவர் தம் மாணவர் வாழும் வளாகத்திலேயே கொலையுண்டார் என்றால் எத்தகைய பரபரப்பு எழுந்திருக்கும்! ஐயம் அங்குப் பயின்ற இருவர்மேல் விழுந்தது. ஒருவர் கடம்பூர் ஜமீனுக்கு உரியவர். மற்றவர் சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியவர். இரண்டும் திருநெல்வேலிச் சீமையின் பழைய பாளையங்கள். சிங்கம்பட்டியார் அப்ரூவராகி அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். கடம்பூரார்மீது வழக்கு நடந்தது. சென்னையில் பரபரப்பு மிகுந்திருந்தமையால் விசாரணை பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே ஜூரிகள் முன் நடந்த விசாரணையின் முடிவில் அவர் குற்றவாளி அல்லர் என விடுதலை செய்யப்பட்டார்.

அப்படியானால் கொன்றவர் யார்? மர்ம நாவலாயின் கடைசி அத்தியாயத்தில் விடை இருக்கும். இங்கே கடைசி அத்தியாயம் இல்லை. வேறு எவரும் தண்டனை பெறவில்லை. விடை இல்லாத இடத்தில் வதந்தி குடிபுகும் என்பது உலக இயல்பு. இவ்வழக்கைப் பற்றியும் நூறு கதைகள் உலவின, இன்றும் உலவுகின்றன. அவற்றுள் ஒன்றையும் நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. இறந்தவர், அவர் குடும்பத்தார், விடுதலை பெற்றவர் எவரும் இன்று வந்து மறுமொழி சொல்ல இயலாது. நிறுவப்படாத ஒன்றைச் சுவைக்காகத் திரும்பச் சொல்வது, வரலாறு என்னும் பெயருக்குத் தகாது.

அப்ரூவரின் சாட்சியம் பற்றி அக்காலச் சட்டம் கூறியது இங்கே நினைக்கத்தக்கது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இரு கூறுகள் இருந்தன. குற்றத்தில் பங்குகொண்டவனும் சாட்சியாகலாம், அவன் சொல்லை மட்டும் நம்பித் தண்டித்தாலும் அது சட்டவிரோதமாகாது என்றது 133ஆம் பிரிவு. ஆனால் அத்தகையவன் சொல், முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் வலுச்சேர்த்தாலன்றி நம்பத்தக்கதன்று என்று நீதிமன்றம் கருதலாம் என்றது 114ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அச்சட்டத்தின் இடத்தில் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது; ஜூரி முறையும் நம் நாட்டில் மறைந்துபோயிற்று. எனினும் அந்த அறிவுரை என்றும் மறையத்தக்கதன்று. தன்னைக் காத்துக்கொள்ளப் பேசுபவன் சொல்லுக்குத் துணைச்சான்று தேடுக. கல்வெட்டைப் படிக்கும்போதும், அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போதும் வரலாற்று மாணவர் இதையன்றோ செய்கிறார்?

அந்த வழக்கால் நகரம் எவ்வளவு பிளவுபட்டது என்பதற்கு ஒரு செய்தி சொல்லலாம். கடம்பூராருக்காக வாதாடியவர்களுள் ஒருவர் சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதன். பின்னாளில் நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் தந்தை அவர். அவ்வழக்குக்குப் பின் ஆங்கிலேய நண்பர்கள் அக்குடும்பத்திடம் முகம் திருப்பிக்கொண்டனர். முன்கூட்டியே தீர்ப்புச் செய்துவிட்ட மனத்துக்கு, மறுபக்கத்தை எடுத்துச் சொன்னவரைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

மாணவச் செல்வங்களே, இதுவரை பிறர் கதையைச் சொன்னேன். இனி என் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு வெறும் உபதேசமாகிவிடும்.

எங்கள் பகுதி ஒரு காலத்தில் ஆந்திரத்தைச் சேர்ந்திருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. கோடு மாறியதே தவிர மக்கள் மாறவில்லை. இன்றும் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுவோர் பலர். முப்பது ஆண்டுகளுக்கு முன், எல்லைப் பகுதியில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் நான் உதவியாசிரியனாக இருந்தேன். அரையாண்டுத் தேர்வு நேரம். வினாத்தாள் கட்டு ஒன்றின் சணல் அறுந்து, அரக்கு முத்திரை உடைந்திருக்கக் கண்டோம். அறைக்கு வெளியே இருந்த தாழ்வாரத்தில் இரவில் ஒரு மாணவன் நடமாடியதாக இருவர் சொல்லினர். அவன் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை. எல்லைக்கு அப்பாலிருந்து அவ்வாண்டுதான் வந்து சேர்ந்தவன்.

விசாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. "இரவில் அங்கே ஏன் நடந்தாய்?" என்று கேட்டேன். அவன் பேசாமல் நின்றான். மீண்டும் மீண்டும் கேட்டேன். அவன் கண்ணீர் விட்டானே ஒழிய விடை சொல்லவில்லை. மௌனம் குற்றத்தின் அடையாளம் என்று முடிவுகட்டினேன். அவன் தேர்வு எழுதுவது நிறுத்தப்பட்டது. மூன்றாம் நாள் அவன் தந்தை வந்து, தகரப் பெட்டியைத் தோளில் ஏற்றி, மகனை அழைத்துச் சென்றார்.

இரண்டு வாரம் கழித்து, அதே அலமாரியில் இருந்த வேறொரு கட்டின் சணலும் அறுந்து கிடந்தது. இம்முறை தாள்களின் ஓரத்தில் பல் தடமும் கீழே எலிப் புழுக்கையும் இருந்தன. முதல் கட்டையும் எடுத்துப் பார்த்தேன். அதே தடம் அதிலும் இருந்தது. அன்றே பார்த்திருக்கவேண்டியது, பார்க்கவில்லை. விடுதியில் விளக்கணைத்த பின்பு தாழ்வாரத்தில் மட்டுமே ஒரு விளக்கு எரியும். அங்கே நடந்து நடந்து அவன் தமிழ்ச் செய்யுளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான் என்பதை அவனோடு தங்கிய சிறுவன் பிறகு சொன்னான். கேள்வி கேட்டபோது தமிழில் விரைந்து மறுமொழி சொல்ல அவனுக்கு வரவில்லை. எனக்குத் தெலுங்கு தெரியும். தெலுங்கில் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படிக்கும்போதே 'மூன்று மாணவர்கள்' கதையை நான் படித்தவன். உலவும் இந்திய மாணவன்மேல் வாட்சன் ஐயம் கொண்டதைப் பார்த்து நகைத்தவன். என் முறை வந்தபோது நான் ஹோம்ஸாக நிற்கவில்லை; வாட்சனாகவும் நிற்கவில்லை. வாட்சன் ஐயுற்றதோடு நின்றார். நானோ தண்டித்தேன்.

அந்தப் பையனின் ஊருக்குச் சென்றேன். தந்தை என்னைத் திண்ணையில் அமரவைத்து மோர் கொடுத்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "போகட்டும் சார்" என்றார். மகன் அதற்குள் உறவினருடன் வேலைக்குப் போய்விட்டிருந்தான், பள்ளிக்குத் திரும்பவில்லை. அன்று நான் குடித்த மோரின் புளிப்பு இன்னும் என் நாவில் இருக்கிறது.

ஆகவே அந்தப் பேருந்தில் வந்த பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: "அம்மா, மர்ம நாவலைத் தாராளமாகப் படி. ஆனால் விரைந்து படிக்காதே. பாதியில் நிறுத்தி, நீ யார்மேல் ஐயம் கொள்கிறாய் என்று ஒரு தாளில் எழுது. அதற்குக் காரணம் என்ன என்றும் எழுது. அந்தக் காரணம் அவன் செய்த செயலா, அல்லது அவன் முகம், பேச்சு, ஊர், மௌனம் இவையா என்று பார். கடைசிப் பக்கம் வந்தபின் உன் தாளைத் திரும்ப எடுத்துப் படி. எத்தனை குற்றமற்றவரை நீ மனத்துக்குள் தண்டித்தாய் என்பது தெரியும்."

நாவலில் அத்தகைய பிழையால் தீங்கில்லை. ஆசிரியர் கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் மீட்டுத் தந்துவிடுவார். வரலாற்றில் அவ்வாறு மீட்பார் இல்லை. நியூவிங்டன் வழக்கில் நாம் கண்டோம். வாழ்க்கையிலும் இல்லை, என் அனுபவத்தில் கண்டேன். கடைசிப் பக்கம் கிடையாது என்று தெரிந்த இடத்தில், தீர்ப்புச் சொல்ல இன்னும் மெதுவாகச் செல்லவேண்டும்.

திருத்தணிகை மலைக்கு 365 படிகள் என்பர். மலைமேல் வாகனம் செல்லும் பாதையும் உண்டு. விரைந்து சென்றாலும் கோயில் கிடைக்கும். ஆனால் படியேறிச் சென்றவனுக்குத்தான் ஒவ்வொரு படியும் காலில் தெரியும். சான்றுகளைப் படிப்படியாகக் கடந்து உண்மையை அணுகுபவர் வரலாற்று மாணவர். அப்பழக்கத்தை ஒரு மர்ம நாவல் உங்களுக்குத் தருமாயின், அதைப் பைக்குள் மறைக்கவேண்டிய தேவையில்லை.